பட்டாளத்து டிரெய்லரும் முந்நூறு பூக்கல்லும்

சென்ற வியாழக்கிழமை கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பின்வாசலில், தரையில் பதிக்கும் 300 பூக்கல்லை இறக்கி எண்ணினோம். உடைந்தவை இரண்டு, மூலை சிந்தியவை மூன்று. அதே சாலையில், அதே டிராக்டரில், ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண டிரெய்லரில் கொண்டுபோனபோதெல்லாம் இருபதுக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. ராணுவம் கழித்த பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, பழுதுபார்த்து, பதிவு செய்ய ஏழு மாதம் இழுத்தடித்த வேலை வீண் போகவில்லை என்று அந்த வாசலில் வைக்கோலைத் தட்டி எண்ணும்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பாதி வேலை இரும்பில், பாதி வேலை காகிதத்தில். இரண்டிலும் நான் தடுக்கி விழுந்த இடங்களை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஆத்தங்குடியில் சிறிய கல் பட்டறை இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிற கல். சூளையில் வைப்பதில்லை. அதனால் விளிம்பு கொஞ்சம் சாதுவானது. தூக்கிப் போடும் வண்டியில் ஏற்றினால் மூலை மூலையாகக் கொட்டும். பத்து அங்குலக் கல் ஒன்று என் தராசில் இரண்டே முக்கால் கிலோ. முந்நூறு கல் என்றால் 825 கிலோ. நெல் மூட்டைக்கும் செங்கல்லுக்கும் செய்த டிரெய்லரின் ஸ்பிரிங் இந்த எடைக்கு அசைந்துகூடக் கொடுக்காது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராகக் கல்லுக்குத்தான் போகும்.

திருச்சிப் பக்கம் ஒரு பழைய இரும்பு வியாபாரியின் கொட்டகையில் இந்த டிரெய்லரைப் பார்த்தேன். இரண்டு சக்கரம், இரும்புப் பக்கச்சுவர், நீளமான பட்டை ஸ்பிரிங், முன்னால் வளையல் போல ஒரு கனத்த வளையம். ராணுவம் கழித்துவிடும் பொருள்கள் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் இணைய ஏலத்துக்கு வருகின்றன. அங்கே அவர் மொத்தமாக எடுத்த தொகுதியில் இது ஒன்று. மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் அமுங்கி, ஒருமுறை மூச்சு விட்டது போல எழுந்தது. அந்த ஒரு அசைவுக்காகவே ரூ. 46,000 பேசி முடித்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு காகிதத்தைக் கேட்டேன். வரிசை தலைகீழ் என்பது அப்போது தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த விதம் மட்டும் சரியாக அமைந்தது. சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் தனி மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல் சாலையில் இழுத்துவந்தால் குற்றம். ராணுவத்தில் இருக்கும்வரை மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட அவர்களுடைய எண் அதற்குப் போதும். வெளியே வந்த நாளிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி அதுவும் நம் வண்டி போலப் புதிதாகப் பதிவாக வேண்டும். ஆகவே லாரியில் ஏற்றி வந்தேன். வாடகை ரூ. 6,500.

வந்ததும் செய்த முதல் வேலை முழு மடத்தனம். பெயிண்ட் உரிந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, பழைய நிறத்துக்கு ஒத்த ராணுவப் பச்சையைத் தேடி வாங்கி இரண்டு பூச்சு அடித்தேன். துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி 1953 முதல் இயங்கிவரும் காரைக்குடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் அறிந்த துரு வைத்தியம் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும்தான். வண்டி பார்க்க ஜோராக இருந்தது. படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பதிவு பற்றி விசாரிக்கப் போன இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஒருவர் சிரித்துவிட்டு, “முதலில் இந்த நிறத்தை மாற்றுங்கள்” என்றார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாது என்கிறது. ரூ. 2,850 போயிற்று. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செங்காவி நிறத்தில் மறுபடி அடித்ததற்கு ரூ. 4,200. மீந்த அரை லிட்டர் பச்சை எங்கள் கிணற்று மோட்டார் பெட்டியின் மேல் இருக்கிறது.

இனிக் காகிதம். பழைய ராணுவ வண்டிக்கு ஆணிவேர் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று. வழக்கமாக அதை வண்டி விற்கும் முகவர் தருவார். ராணுவ வண்டிக்கு அதை விற்ற அதிகாரியே தர வேண்டும், அசலாகவும் இருக்க வேண்டும். வியாபாரியிடம் அசல் இருந்தது, என் அதிர்ஷ்டம். ஆனால் அதில் அவர் பெயர்தான் இருந்தது. அவர் எனக்கு எழுதிக் கொடுத்த ரசீதைக் காட்டி நேராக என் பெயரில் பதிய முடியாது. முதலில் அவர் பெயரில் படிவம் 20 கொடுத்துப் பதிந்து, பிறகு 29, 30 ஆகிய படிவங்களில் என் பெயருக்கு மாற்றினேன். இரண்டு நடை வேலைக்கு ஐந்து நடை ஆனது. அவர் வந்து கையெழுத்திட்டுப் போனதற்கும் என் அலைச்சலுக்கும் சேர்த்து ரூ. 1,600. மனிதர் நல்லவர். “உங்களைச் சுற்றவிட்டுவிட்டேன்” என்று சொல்லி, வரும்போது பட்டாளத்துக் கொக்கி ஒன்றைச் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் அருமை பின்னால் தெரிந்தது.

டிரெய்லர் என்றதும் பதிவு அலுவலகத்தில் வடிவமைப்பு ஒப்புதல் நகலைக் கேட்டார்கள். புதிதாகப் பட்டறையில் செய்யும் டிரெய்லருக்கு அது வேண்டும். ராணுவத்திலிருந்து வந்தது என்று படிவம் 21ஐ எடுத்து வைத்த பிறகு பேச்சு வேறு பக்கம் போனது: சேசிஸ் எண்.

இந்த இடத்தில்தான் எனக்கு வியர்த்தது. சான்றில் கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் 3. என் வண்டியில் அது 8 போல இருந்தது. இழுவைத் தண்டின் வலப்பக்கம், கையகல இடத்தில் எண் குத்தியிருக்கிறது. அதன் மேல் ஐந்தாறு அடுக்கு பெயிண்ட். கடைசி இரண்டு அடுக்கு என் கைங்கரியம். பட்டறைப் பையன் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தான். எண்ணுக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு ஓட்டு ஓட்டியும் விட்டான். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் வயிறு கலங்கிக் கத்தி நிறுத்தினேன். எண்ணின் மேல் ஒரு கீறல் விழுந்திருந்தால், அழித்துத் திருத்திய எண் என்று யாரும் சொல்லலாம். நான் என்ன பதில் சொல்வேன்?

தின்னரில் பழந்துணியை நனைத்து எண்ணின் மேல் போட்டு, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருமணி நேரம் விட்டேன். பெயிண்ட் பால் ஆடை போலச் சுருண்டு வந்தது. மூங்கில் குச்சியைச் சீவி, ஒவ்வொரு இலக்கத்தின் பள்ளத்தையும் பல் குத்துவது போலச் சுரண்டினேன். பிறகு பல் துலக்கும் பிரஷ். இருட்டிய பின் கைவிளக்கை இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது: 3தான். இடப்பக்கத்தை மூடி 8 ஆக்கியது இரண்டு துருக்குழி. குத்திய கோடு சீரான ஆழத்தில் நிழல் விழுகிறது. துருக்குழியின் நிழலுக்கு விளிம்பு இல்லை. பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மறுநாள் காலை மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுத்தேன். நான்கில் மூன்று அச்சு தெளிவாக விழுந்தது. எடுத்த கையோடு அந்த இடத்தில் கிரீஸ் தடவிவிட்டேன். இனி அங்கே பெயிண்ட் படாது.

காகிதம் நகர்ந்துகொண்டிருந்தபோதே சக்கரத்தைக் கழற்றினோம். டயர் 7.50-16. சிறிய சரக்கு வண்டிகளுக்குப் போடும் அளவு என்பதால் எங்கும் கிடைக்கும். பழைய டயர்கள் பக்கவாட்டில் வெடித்திருந்தன. புதிதாக இரண்டு, டியூபோடு ரூ. 17,400. ஆனால் ரிம் சாதாரண ரிம் இல்லை. இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகு வைத்து நட்டால் முறுக்கிய ரிம். உள்வட்ட நட்டு சக்கரத்தை அச்சோடு பிடிக்கிறது. வெளிவட்ட நட்டு இரண்டு தட்டையும் ஒன்றாகப் பிடிக்கிறது. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் ரிம் பிளந்து ஆளை அடித்துவிடும். அந்த நட்டுகளில் சிவப்புப் பெயிண்ட் இருந்ததற்கு அதுதான் காரணம். பஞ்சர் கடைத் தம்பி நேராக அதில்தான் ஸ்பேனரை வைத்தார். கடைக்காரப் பெரியவர் “தம்பி, கையை எடு” என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கி, டயரைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வெளிவட்டத்தைத் தொட்டார். அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பை நானே புதிதாகத் தீட்டியிருக்கிறேன்.

பேரிங் நான்கும் சீலும் ரூ. 3,150. பிரேக் லைனிங் ரிவெட் அடித்துப் போட்டது ரூ. 1,400. பழைய கிரீஸ் சந்தன வில்லை போலக் கட்டியாகி இருந்தது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, பிளவு ஊசி போட்டோம்.

அதிக யோசனை வாங்கியது கொக்கி. எங்கள் டிராக்டர் மாமனாருடையது, 39 குதிரைத்திறன், முன்பே வணிகப் பயன்பாட்டுக்குப் பதிவானது. அதன் பின்னால் கவட்டையும் செங்குத்துப் பின்னும் இருக்கின்றன. டிரெய்லர் வளையத்தின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர். பின்னின் தடிமன் 30. வளையம் பின்னில் 46 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஓடியது. கியர் மாற்றும்போதெல்லாம் கோயில் மணி அடிப்பது போல ஒரு சத்தம். பின்னுக்கு ஒரு குழாய்ச் சட்டை போட்டுப் பார்த்தேன். பட்டறையைச் சுற்றி இரண்டு சுற்று வருவதற்குள் நசுங்கிவிட்டது. அப்போதுதான் வியாபாரி கொடுத்த கொக்கி நினைவுக்கு வந்தது. மேல்தாடை திறந்து மூடும் அந்தக் கொக்கி இந்த வளையத்துக்கென்றே பிறந்தது. லேத் பட்டறையில் 16 மில்லிமீட்டர் தகட்டில் நான்கு உயர்வலு போல்ட் போட்டுப் பூட்டினோம். கூலியும் இரும்பும் ரூ. 2,600.

உயரம் எவ்வளவு என்பதில் ஒரு நாள் போனது. டிரெய்லரின் தளத்தில் ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்தால், வளையத்தின் நடு தரையிலிருந்து 24 அங்குலத்தில் நிற்கிறது. டிராக்டரின் பழைய பின் பதினெட்டரை அங்குலத்தில். 24க்கே கொக்கியை ஏற்றிவிடலாம் என்றேன். லேத் பட்டறை அண்ணன் மறுத்தார்: “இழுக்கிற இடம் பின் அச்சின் உயரத்துக்குப் போனால் மேட்டில் முன்சக்கரம் எழும்பும். வேண்டாம்.” 22 அங்குலத்தில் ஒத்துக்கொண்டோம். டிரெய்லர் இரண்டு அங்குலம் முன்னால் குனிந்து போகிறது. எனக்கு அது கண்ணை உறுத்துகிறது, டிராக்டருக்கு நல்லது.

மின்கம்பி வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராணுவ வண்டி 24 வோல்ட், டிராக்டர் 12 வோல்ட். அவர்களுடைய பன்னிரண்டு முனை பிளக்கைக் கழற்றி ஏழு முனை போட்டு, பல்புகளை 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். ரூ. 1,950. அடியில் ஒரு சின்ன விளக்கு, அச்சில் பூசிய வெள்ளை வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டில் வரிசையாகப் போகும் ராணுவ வண்டிகளில் பின்னால் வருபவர் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் ஓட்டுவாராம். அதைக் கழற்ற மனம் வரவில்லை.

பரிசோதனை நாளில் பிரேக், விளக்கு, ஒளிர்பட்டை மூன்றையும் பார்த்தார்கள். ஒளிர்பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. நம்பர் பலகையிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். டிரெய்லரின் சொந்த எண் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு பலகை செய்யச் சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். கட்டணம், வரி, காப்பீடு, பலகைகள் எல்லாம் சேர்த்து ரூ. 9,300.

முதல் ஓட்டத்தில் பதினொரு கல் உடைந்தது. கல்லை வழக்கம் போலச் செங்குத்தாக நிறுத்தி, வரிசைக்கு இடையில் வைக்கோல் திணித்திருந்தோம். அதில் பிழை இல்லை. இறக்க வசதி என்று எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றியிருந்தேன். நாலு சக்கர டிரெய்லராக இருந்தால் அது தாங்கும். இரண்டு சக்கரத்தில் பின்பாரம் வளையத்தை மேலே தூக்குகிறது. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. போதாததற்குப் பஞ்சர் கடையில் 60 பவுண்டு காற்று அடித்திருந்தார்கள்.

இரண்டாம் ஓட்டத்துக்கு முன்னால், வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை ஒரு மரக்கட்டைக்கு அடியில் வைத்து அதன் மேல் வளையத்தை நிறுத்தினேன். எட்டு வரிசையை அச்சுக்கு முன்னால் நகர்த்திய பிறகு முன்பாரம் 58 கிலோ காட்டியது. காற்றை 38க்கு இறக்கினேன். எடைமேடையில் மொத்தம் 1,480 கிலோ. வெறும் டிரெய்லர் 640. தார்ப்பாய் கட்டிக் கிளம்பினோம். பள்ளத்தூர் தாண்டும்வரை பின்னால் ஒரு சுமை வருவதே தெரியவில்லை.

கானாடுகாத்தானில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசல் வழியாக முற்றம்வரை ரிவர்சில் போனால் இறக்குவது சுலபம். ஆச்சி கதவு இரண்டையும் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் பின்னால் தள்ள, டிரெய்லர் அரை அடி நகர்ந்து, சக்கரம் பூட்டி, முரண்டு பிடித்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். டிராக்டரின் பின்சக்கரம்தான் மண்ணைக் கிளப்பியது.

இந்த டிரெய்லரின் பிரேக் டிராக்டரோடு இணைந்ததில்லை. டிராக்டர் வேகம் குறையும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் வளையத் தண்டு குழாய்க்குள் நாலு விரல்கடை போகும். அது ஒரு நெம்புகோலை அழுத்தி, கம்பி வழியாக டிரம்முக்குள் பிரேக்கை விரிக்கும். அழகான ஏற்பாடு. ரிவர்ஸ் போட்டாலும் அதே தள்ளல்தான், அதே பிரேக்தான். அதற்காகவே தண்டின் மேல் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதை மடக்கிவிட்டால் தண்டு உள்ளே போகாது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏதோ பழைய கீல் என்று நினைத்து, முதலில் பச்சையும் பிறகு செங்காவியும் அடித்து ஒட்டவைத்தவன் நானே. “ஏன் தம்பி, வண்டிக்குள் வர மனமில்லையா?” என்று ஆச்சி கேட்டுக்கொண்டிருக்க, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி அதை விடுவித்தேன். மடக்கியதும் சாதுவாக உள்ளே வந்தது. திரும்பும்போது மறக்காமல் பழையபடி நிமிர்த்த வேண்டும். மறந்தால் முன்னோக்கி ஓடும்போது டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. தாழ்ப்பாளில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையை ஓட்டுநர் இருக்கைவரை விட்டிருக்கிறேன்.

மொத்தச் செலவு ரூ. 96,950. புதிதாக ஒரு டிரெய்லர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமனார் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். மறுபடி ஒன்று வாங்கினால் படிவம் 21 யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். தின்னரும் மூங்கில் குச்சியும் பையில் கொண்டுபோய், கொட்டகையிலேயே எண்ணைத் துடைத்துச் சான்றோடு ஒத்துப் பார்ப்பேன். எண் ஒத்துவந்த பிறகு மடியை அவிழ்ப்பேன். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. அடிக்கும் முன்னால் அசைய வேண்டிய ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்ப்பேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. வியாழக்கிழமை திரும்பி வந்ததும் இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கம் பத்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. பேரிங் நட்டை நான் இறுக்கியது அதிகமா, இல்லை பிரேக் கட்டை விடாமல் உரசுகிறதா என்று கழற்றினால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஜாக்கி சொல்லிவைத்திருக்கிறேன்.